பெல்ட்டில் ரெமியின் இடம்

நவம்பர் 1. அந்தத் தேதிக்குள் டானிகா கெரெட் ஓர் உறுதிமொழி கொடுக்க வேண்டும், அல்லது கொடுக்காமல் விட்டுவிட வேண்டும். எல்லாக் கல்லூரிகளையும்விட எனக்கு இந்தக் கல்லூரிதான் வேண்டும், நீங்கள் சேர்த்துக்கொண்டால் வேறு எங்கும் எட்டிப் பார்க்க மாட்டேன் என்பதுதான் அந்த உறுதிமொழி.

மற்ற பிள்ளைகள் ஜனவரியில் பல இடங்களுக்கு விண்ணப்பிப்பார்கள். வசந்தகாலத்தில் பதில் வந்ததும், கிடைத்ததில் ஒன்றைப் பொறுக்கிக்கொள்வார்கள். முன்கூட்டியே கேட்கிறவர்களுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. ஒரே ஒரு கல்லூரியைத்தான் கேட்கலாம். டிசம்பரில் பதில் வந்துவிடும், இடம் கிடைத்தால் போயே தீர வேண்டும். மாணவி, பெற்றோரில் ஒருவர், பள்ளியின் ஆலோசகர் என மூன்று பேர் கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்ப முடியும். இத்தனை உறுதியாகக் கேட்கிறவர்களுக்குக் கல்லூரியும் கொஞ்சம் தாராளமாகக் கதவைத் திறக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

டானிகாவுக்குப் பதினேழு வயது. ஊர் அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் வடகோடி, ஆற்றுக்கு அந்தக் கரையில் கனடா. மதிப்பெண்களுக்குக் குறைவில்லை. தெற்கே கடலோரத்தில் இருக்கிற அந்தக் கல்லூரிக்கு அவள் முன்கூட்டியே விண்ணப்பிக்கப்போகிறாள் என்று ஊரில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவளை யாரும் கேட்கவில்லை. தபால் நிலையத்தில் நிற்கிறவர்கள் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், "ரெமியும் உன்கூடத்தான் வருவான்மா" என்று யாராவது கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

ரெமி அவளுடைய அண்ணன். போன வருஷம் அக்டோபரில் செத்துப்போனான்.

அந்தப் பக்கத்துப் பள்ளிகள் ஆகஸ்டிலேயே திறந்து, செப்டம்பர் கடைசியில் மூடிவிடும். உருளைக்கிழங்கு அறுவடை முடிந்தபிறகுதான் மறுபடி திறக்கும். பிள்ளைகளில் பாதிப்பேர் ஏதாவது ஒரு வயலில் நிற்பார்கள். டானிகா நிற்பது அப்பாவின் அறுவடை வண்டியில். டிராக்டர் முன்னால் இழுக்க, வண்டி மண்ணைக் கிளறிக் கிழங்கை மேலே ஏற்றும். மேலே ஓடுகிற பெல்ட்டின் இரு பக்கமும் ஆட்கள் நின்று கல்லையும் மண்கட்டியையும் கொடியையும் பொறுக்கி வெளியே போட வேண்டும். குனிந்த தலை நிமிராத வேலை. காலையில் விரல் மரத்துப்போகும், மதியத்துக்குமேல் மூக்கெல்லாம் புழுதி.

அவரவர்க்கு அவரவர் இடம். டானிகாவுக்கு எதிரே க்ளோடெட் அத்தை, பக்கத்தில் ரெமி. ரெமிக்கு ஒரு வழக்கம் இருந்தது. கல்லைச் சும்மா போட மாட்டான். ஓரத்து இரும்புக் கம்பியில் ஒரு தட்டுத் தட்டி 'டங்' என்று ஓசை எழுப்பிவிட்டுத்தான் போடுவான். பெரிய கல்லானால் இரண்டு தட்டு. மொத்த வண்டிக்கும் அந்தச் சத்தம் பழகிப்போயிருந்தது.

இந்த வருஷம் அந்த இடத்தில் அப்பா யாரையும் நிறுத்தவில்லை. ஆள் கிடைக்கவில்லை என்று சொன்னார். ஆள் கிடைத்தது, கேட்டு வந்தவர்களை அவர்தான் திருப்பி அனுப்பினார் என்பது டானிகாவுக்குத் தெரியும். பெல்ட்டில் ஓர் ஆள் அகலத்துக்கு வெற்றிடம். அந்த வழியாகக் கல் தாராளமாகப் போயிற்று.

"இந்த வருஷம் நம்ம கெழங்கு வாங்குறவன் வீடே கட்டிக்கலாம்," என்றாள் அத்தை. "அவ்வளவு கல்லு போகுது."

"நான் எட்டிப் பொறுக்கறேன் அத்தை."

"நீ உன் பக்கத்தப் பாரு. கை நீண்டு போயிடும், அப்புறம் எந்தக் காலேஜ்லயும் எடுக்க மாட்டான்." அத்தை ஒரு மண்கட்டியை நசுக்கிப் போட்டாள். "நாள் நெருங்குதில்ல? முடிவு பண்ணிட்டியா?"

"எல்லாரும் பண்ணிட்டாங்களே."

"அவசரமா முடிவு பண்றதப் பத்தி என்னைக் கேளு. மூணு கல்யாணம் அப்படிப் பண்ணியிருக்கேன். மூணு பேரும் இப்ப வேற வேற ஊர்ல நல்லா இருக்கானுங்க."

டானிகா சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கேட்டது. டங். இரும்பில் கல் பட்ட சத்தம், இடப்பக்கம், ஆளில்லாத இடத்திலிருந்து. கொஞ்சம் விட்டு இன்னொரு டங். அவள் திரும்பிப் பார்த்தாள். கிழங்கு ஓடிக்கொண்டிருந்தது. கம்பியருகே ஒன்றும் இல்லை. அத்தை தலை குனிந்தபடி கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், ஒன்றும் கேட்டதாகத் தெரியவில்லை.

பழைய வண்டி. ஆயிரம் இடத்தில் ஆடும். டானிகா தனக்கே அப்படிச் சொல்லிக்கொண்டாள். ஆனால் அதன் பிறகு அறுவடை முடிகிறவரை இடப்பக்கக் காதைக் குல்லாய்க்குள் இழுத்து மூடியே நின்றாள்.

பள்ளி மறுபடி திறந்ததும் ஆலோசகர் மிஸஸ் டெஷேன் கூப்பிட்டனுப்பினார். நல்ல மாதிரி மனுஷி. மேசைமேல் எப்போதும் ஒரு கிண்ணத்தில் மிட்டாய் இருக்கும், அழுகிற பிள்ளைகளுக்கு.

"உன் கட்டுரைய படிச்சேன். கல்லப் பத்தி எழுதியிருக்க."

"ஆமா."

"நல்லாதான் இருக்கு. பெல்ட்டுல வர்ற கல்லு எங்கேருந்து வந்துச்சு, பனிப்பாறை எப்படி அத உருட்டிட்டு வந்துச்சு, எல்லாம் நல்லாதான் இருக்கு. ஆனா டானிகா, ரெமியப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்லையே?"

டானிகா மிட்டாய்க் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"தப்பா எடுத்துக்காத. அவன் போக இருந்த இடத்துக்கு நீ போற. படிக்கிறவங்க மனசுல அது நிக்கும். நீ ஒண்ணும் கட்டி எழுத வேண்டாம், நடந்தத எழுதினாப் போதும்."

நடந்ததை எழுதினால் போதும். அதைத்தான் எழுத முடியாது.

அலுவலகத்துக்கு வெளியே தாழ்வாரச் சுவரில் சின்னச் சின்னத் துணிக்கொடிகள். பள்ளியை முடிக்கிறவர்கள் ஒவ்வொரு மே மாதமும் தாங்கள் சேரப்போகிற கல்லூரியின் கொடியில் பெயர் எழுதி அங்கே ஒட்டிவிட்டுப் போவது வழக்கம். போன மே மாதம் ரெமியின் வகுப்பார் அவனுக்காகவும் ஒன்று ஒட்டினார்கள். கரும்பச்சைக் கொடி, கீழே வெள்ளை மையில் ரெமி கெரெட். அந்தச் சுவரைப் பொறுத்தவரை அவன் இப்போது கடலோரத்தில் முதல் வருஷம் படித்துக்கொண்டிருக்கிறான்.

டானிகா வகுப்புக்குப் போகும்போதெல்லாம் அதைக் கடந்துதான் போக வேண்டும். எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே நடந்துவிடுவாள்.

ரெமி இறந்த அன்றைக்கு நடந்தது இது.

போன வருஷ அறுவடையின் நடுவில் ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. வயல் சேறானால் வண்டி இறங்க முடியாது. காலையில் அப்பா ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இன்னைக்கு ஒண்ணும் நடக்காது. ரெமி, அந்தக் காலேஜப் போய்ப் பாத்துட்டு வந்துடு. இத விட்டா உனக்கு நேரம் கெடைக்காது. தங்கச்சியக் கூட்டிட்டுப் போ. தனியா அவ்வளவு தூரம் ஓட்டாத, பேச்சுத்துணைக்கு ஆள் வேணும்."

அந்தக் கல்லூரியின் பனிச்சறுக்குப் பயிற்சியாளர் ரெமியைக் கேட்டுக் கூப்பிட்டிருந்தார். வடக்கத்திப் பிள்ளைகளுக்குப் பனியில் ஓடுவது நடப்பதுபோல. ரெமி அவர்களிலும் கெட்டிக்காரன். முன்கூட்டியே விண்ணப்பித்துவிடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். அது ஊர் முழுக்கத் தெரியும். பையன் போகப்போகிறான் என்றுதான் அப்பா அந்தக் கோடையிலேயே கிழக்கு வயலைப் பக்கத்துப் பண்ணைக்காரருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கிழக்கு வயல் பக்கம் போவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

கல்லூரியை ஒரு மாணவன் சுற்றிக் காட்டினான். கூட்டத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே பின்பக்கமாக நடந்தான். ரெமி டானிகாவின் காதில் சொன்னான்: "போற வழியப் பாக்காதவன் பின்னாடி இவ்வளவு பேர் போறாங்க பாரு." புல்வெளியெல்லாம் சீவி வைத்ததுபோல இருந்தது. "துப்பக்கூட எடம் இல்ல," என்றான்.

டானிகா அவனைக் கவனிக்கவில்லை. மண்ணியல் கட்டடத்தில் ஓர் அறை நிறைய மேசை, மேசை நிறைய இழுப்பறை, இழுப்பறை நிறையக் கல். ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, எத்தனை பழையது என்று எழுதியிருந்தது. அதில் ஒன்று அவர்கள் வயலில் பெல்ட்டில் வருகிற அதே சாம்பல் கல். அவள் பொறுக்கி எறிந்துகொண்டிருந்ததற்கு ஒரு பெயர் இருந்தது, வயது இருந்தது. அந்த அறையைவிட்டு வர அவளுக்கு மனமில்லை.

"வீட்டுல கல்லு பொறுக்கிப் பொறுக்கி இடுப்பு ஒடியுது. இங்க வந்தும் கல்லுதான் பாக்குறியா?" என்றான் ரெமி. ஆனால் அவசரப்படுத்தவில்லை. கதவருகே சாய்ந்து நின்று காத்திருந்தான்.

திரும்பும்போது கல்லூரிக் கடையில் குல்லாய் தைத்த கரும்பச்சை மேல்சட்டை ஒன்று, ஹூடி, வாங்கினான். அவளுக்குத்தான். "என்ன அளவு?" என்று கேட்டான். எக்ஸ்எல் என்றாள். அவர்கள் வீட்டில் யாரும் தன் அளவுக்குத் துணி வாங்குவதில்லை. உள்ளே இரண்டு சட்டை போட்டு, மேலே மாட்டிக்கொண்டு பெல்ட்டில் நிற்க வேண்டும், அந்தக் கணக்குத்தான்.

வடக்கே போகிற சாலை காட்டுக்குள் நுழைந்தபோது ரெமி ரேடியோவை அணைத்தான்.

"எனக்கு வேணாம்," என்றான்.

"எது?"

"காலேஜ். நான் எதுவும் அனுப்பப் போறதில்ல. இங்கயே இருக்கேன். அப்பாகூட."

"அப்பா வயல விட்டுட்டாரே."

"திருப்பி வாங்கிக்கலாம். அறுவட முடியட்டும், நானே அவர்கிட்ட சொல்லிக்கிறேன். இப்ப சொன்னா டிராக்டர ஓட்டிட்டே அழுவாரு, வரிசை கோணலாயிடும். அதுவரைக்கும் நீ வாயத் திறக்காத."

"திறக்க மாட்டேன்."

"உனக்குப் பிடிச்சிருக்கில்ல அந்த எடம்?"

"ம்."

"தெரியும். கல்லப் பாத்து இளிச்சுட்டு நின்ன."

அதற்குப் பிறகு அவள் தூங்கிவிட்டாள். பேச்சுத்துணைக்கென்று அனுப்பப்பட்டவள், ஹூடிப் பையைக் கன்னத்துக்குக் கொடுத்து, இழுப்பறைகளை நினைத்துக்கொண்டே தூங்கிவிட்டாள். அந்தி நேரத்தில் காட்டிலிருந்து மூஸ் மான் ஒன்று சாலையில் ஏறியது. குதிரையைவிட உயரமான மிருகம், அதன் கண் வண்டி விளக்கின் வெளிச்சத்துக்கு மேலே இருக்கும், மின்னாது. ஓட்டுகிறவனுக்குக் கடைசிவரை இருட்டு மட்டும்தான் தெரியும். டானிகாவுக்குத் தோள் எலும்பு முறிந்தது.

மருத்துவமனையிலிருந்து அவள் வீடு வந்தபோது அம்மா அந்த ஹூடியைப் போட்டுக்கொண்டிருந்தாள். வண்டியிலிருந்து எடுத்துவந்த பையில் கிடைத்ததாம். "அவனுக்குன்னு வாங்கியிருக்கான் பாரு," என்று கைமடிப்பைத் தடவிக்கொண்டே சொன்னாள். அடக்கத்தன்று கறுப்பு உடைக்குமேல் அதைத்தான் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்தாள். ஊர் முழுக்கப் பார்த்தது. பையன் ஆசையாய் வாங்கிய ஹூடி, ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்கவில்லை என்று பெண்கள் அழுதார்கள். கைத்தூக்குப் பட்டையோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த டானிகா வாயைத் திறக்கவில்லை. திறக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தாள்.

அறுவடை முடிந்தது. ரெமி அப்பாவிடம் சொல்லவில்லை.

ஒரு வருஷம் அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வது? சொன்னால் அம்மாவின் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்கியதாகும். அப்பாவுக்கோ கூடவே இருந்திருக்கக்கூடிய மகனை இரண்டாவது தடவை பறிகொடுத்ததாகும். இன்னொன்றும் உண்டு, அதை அவள் தனக்குள்ளேயே சத்தமாகச் சொல்லிக்கொண்டதில்லை. ரெமி இருக்கத்தான் நினைத்தான் என்று தெரிந்தால், மிஞ்சியிருக்கிற பிள்ளை எப்படிக் கிளம்புவது? ரெமி போக ஆசைப்பட்டான் என்ற கதை இருக்கிறவரை அவளுக்கு வழி திறந்திருந்தது. ஊரே அவளைத் தள்ளி அனுப்பத் தயாராக இருந்தது. இறந்தவனின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அவள் தன் ஆசையை நிறைவேற்றிக்கொள்ளலாம்.

இரவில் அல்ல, பட்டப்பகலில்தான் அவன் வந்தான். கணக்கு வகுப்பில், பஸ்ஸில், அம்மா அந்த ஊர் அடையான ப்ளாயை அடுப்புக் கல்லில் ஊற்றும்போது அந்தக் கரும்பச்சை முதுகில். உருவம் ஒன்றும் கிடையாது. பக்கத்தில் ஒருவன் சாய்ந்து நின்று, அவசரப்படுத்தாமல் காத்துக்கொண்டிருக்கிறான் என்கிற உணர்வு, அவ்வளவுதான். எதற்காகக் காத்திருக்கிறான் என்பதும் அவளுக்குத் தெரியும்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் பெற்றோர் கையெழுத்துப் பக்கம் திறக்க மறுத்தது. அதனால் அக்டோபர் கடைசி வாரத்தில் அம்மா மருந்துக்கடை வேலைக்கு நடுவே பள்ளிக்கு வந்தாள். கோட்டைக் கழற்றினாள். உள்ளே ஹூடி.

"வா ஜிசெல், உக்காரு," என்று மிஸஸ் டெஷேன் கணினித் திரையைத் திருப்பிவைத்தார். "நான் போட்டுட்டேன். டானிகாவும் நீயும்தான் பாக்கி. கையெழுத்துன்னா பேரத் தட்டினாப் போதும். ஆனா ஒண்ணு, இதப் போட்டா போட்டதுதான். கெடைச்சதுக்கு அப்புறம் வேணாம்னு சொல்ல முடியாது."

"யாரு சொல்லப்போறா?" அம்மா ஒற்றை விரலால் பெயரைத் தேட ஆரம்பித்தாள். "ரெண்டு பேருக்கும் சேத்துப் போடுறேன்."

"அம்மா."

"என்ன?"

"ரெண்டு பேருக்கும்னு போடாத."

அம்மாவின் விரல் நின்றது.

"அவன் அனுப்பப் போறதில்லைன்னு சொன்னான். வர்ற வழில. அங்க பிடிக்கல அவனுக்கு. இங்கயே இருக்கப் போறேன்னான்." நிறுத்தினால் மறுபடி சொல்ல வராது என்று டானிகா ஒரே மூச்சில் சொன்னாள். "இந்த ஹூடி எனக்கு வாங்கினது. நான்தான் அங்க போகணும்னு நெனச்சேன்."

மிஸஸ் டெஷேன் காப்பி எடுத்து வருவதாகச் சொல்லி எழுந்து போனார். காப்பிக் குவளை மேசைமேலேயே நிறைந்திருந்தது.

"எக்ஸ்எல் போட்டிருக்கே," என்றாள் அம்மா.

"அறுவடைக்கு. உள்ள ரெண்டு சட்ட போட்டுக்க."

அம்மா தலையாட்டினாள். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. இருபது வருஷமாக அந்த வீட்டுக்கு அப்படித்தான் அவளும் துணி வாங்குகிறாள். முதுகுப்பக்கம் தொங்கிய குல்லாயைத் தொட்டுப் பார்த்தாள்.

"தலைய எதையும் வெச்சு மூடமாட்டானே அவன்," என்றாள். "கொட்டுற மழைலயும் வெறுந்தலையா நிப்பான். காது கேக்க மாட்டேங்குதுன்னு. இத எதுக்கு வாங்கினான்னு பையத் திறந்தப்பவே தோணுச்சு. தோணினத ஓரமா வெச்சுட்டேன்."

வெளியே வகுப்பு மாறுகிற மணி அடித்தது. தாழ்வாரம் முழுக்கக் கால் சத்தம். அது ஓய்ந்ததும் அம்மா கேட்டாள்.

"வேற என்ன சொன்னான்?"

"அங்க துப்பக்கூட எடம் இல்லைன்னான்."

அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாளோ என்று டானிகா பயந்தாள். சிரிப்பு. மூக்கை ஹூடிக் கையில் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். "அவனேதான்," என்றாள். "ஒரு வருஷமா எல்லாரும் அவனப் பத்தி என்னென்னவோ சொல்றாங்க. எதுவும் அவன் சொல்ற மாதிரி இல்ல. இதுதான் அவன்."

பிறகு நாற்காலியைத் திரையிலிருந்து பின்னுக்குத் தள்ளினாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அவர்கிட்ட சொல்லு. சொல்லிட்டு வந்து அப்பவும் போகணும்னு உனக்குத் தோணினா நான் போடுறேன். தோணலைன்னா இந்தக் கருமத்த மூடிட்டு ஜனவரில பாத்துக்கலாம்."

கிழங்குக் கிடங்கு பாதி மண்ணுக்குள் இருந்தது. பெரிய கதவைத் தள்ளி உள்ளே போனால் கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். கூரை உயரத்துக்குக் கிழங்கு, அடியில் காற்றுக் குழாய்கள், விடாமல் முனகுகிற விசிறி. அப்பா குவியலின் ஓரத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்து கையை உள்ளே விட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு வாளி. அதில் கல். பெல்ட்டின் காலி இடத்தைத் தாண்டி வந்துவிட்ட கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டிருந்தார்.

டானிகா நின்றபடியே சொன்னாள். அம்மாவிடம் சொன்னதைவிட மெதுவாக, சாலை, ரேடியோ, கிழக்கு வயல், எல்லாம். தான் தூங்கிப்போனதையும் சொன்னாள். அதை அம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை.

அப்பாவின் கை குவியலுக்குள்ளேயே இருந்தது.

"சிரிச்சுட்டே சொன்னானா?"

"இல்ல. ரேடியோவ நிறுத்திட்டுச் சொன்னான்."

"அப்ப நெசமாத்தான் சொல்லியிருக்கான்." கையை வெளியே எடுத்து விரல்களைப் பார்த்தார். "அந்த வயல விட்ட அன்னைக்கு அவன் ஏன் என்கூடப் பேசலைன்னு இப்பத்தான் தெரியுது. வேற ஏதோன்னு நெனச்சேன்." கொஞ்சம் பொறுத்து, "நீ முழிச்சிருந்தாலும் ரோட்டுல அந்த மிருகம் தெரிஞ்சிருக்காது. எனக்கே தெரிஞ்சிருக்காது," என்றார்.

விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"நீ போறியா?"

"போகணும்னு இருக்கு."

"யாருக்காக?"

"எனக்காகத்தான்."

"இருன்னு சொல்லணும்போல இருக்கு," என்றார் அப்பா. முகத்தை அவள் பக்கம் திருப்பவில்லை. "சொல்லட்டுமா?"

"சொன்னீங்கன்னா இருந்துடுவேனோன்னு பயமா இருக்குப்பா."

"அப்ப சொல்லல."

எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார். வாளியைத் தூக்கியவர் பாதியில் நின்றார்.

"இந்த வருஷம் பெல்ட்டுல ஏதாவது சத்தம் கேட்டுச்சா உனக்கு?"

டானிகா ஓரடி கிட்டே வந்தாள். "என்ன சத்தம்?"

"டிராக்டர் கேபின் கதவு சாத்தியிருந்துச்சு. எஞ்சின் வேற. பின்னாடி இடி விழுந்தாலும் எனக்குக் கேக்காது." வாளியைக் கீழே வைத்தார். "டங்னு. அப்புறம் இன்னொண்ணு. நிறுத்திட்டு எறங்கி வரலாமான்னு பாத்தேன். வந்து என்னத்தப் பாக்குறது?"

"எனக்கும் கேட்டுச்சு," என்றாள்.

இருவரும் நின்றார்கள். காத்திருந்தது போலத்தான் இருந்தது. விசிறியின் முனகல், எங்கோ குவியலில் ஒரு கிழங்கு நழுவி உருண்ட சத்தம். வேறொன்றும் கேட்கவில்லை. அப்பா வாளியிலிருந்து ஒரு சாம்பல் கல்லை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். கதவுச் சட்டத்து இரும்பின் அருகே கையைக் கொண்டுபோனார். தட்டவில்லை. கல்லை வாளியிலேயே போட்டார்.

"அம்மாவப் போடச் சொல்லு," என்றார்.

மறுநாள் மதியம் ஜிசெல் கெரெட் ஒற்றை விரலால் தன் பெயரைத் தட்டி முடித்தாள். டானிகா தன்னுடையதைத் தட்டினாள். கல்லைப் பற்றிய கட்டுரை ஒரு வார்த்தை மாறாமல் போயிற்று. ஹூடியை அம்மா திருப்பித் தரவில்லை, டானிகாவும் கேட்கவில்லை. தாழ்வாரச் சுவரில் வெள்ளை மையில் பெயர் எழுதிய கொடி இருந்த இடத்தில் இருக்கிறது. அதை எடுக்கச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

கல்லூரியின் பதில் டிசம்பர் நடுவில் வரும். அதற்குக் காத்திராமல் நவம்பர் இரண்டாவது வாரமே அப்பா நார்மன்ட் கெரெட் ஊர்க் கடையின் அறிவிப்புப் பலகையில் ஒரு சீட்டைக் குத்திவைத்தார். அடுத்த அறுவடைக்குப் பெல்ட்டில் நிற்க ஆள் வேண்டும், இரண்டு பேர்.